வெளியுறவுத் திங்க் டேங்கில் இன்டர்ன்ஷிப்: முதல் மின்னஞ்சலிலிருந்து கடைசி அடிக்குறிப்பு வரை

"எனக்குச் சிறு வயது முதலே சர்வதேச உறவுகளில் ஆர்வம் அதிகம்." வெளியுறவுக் கொள்கை திங்க் டேங்குகளுக்கு (கொள்கைகளை ஆராய்ந்து எழுதும் நிறுவனங்களுக்கு) இன்டர்ன்ஷிப் கேட்டுப் போகும் மின்னஞ்சல்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. ஆர்வம் இல்லாதவர் எழுதவே போவதில்லை. அதனால் படிப்பவர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். அவர் தேடுவது வேறொன்று: இந்த மாணவரிடம் ஒரு சின்னக் கேள்வியைக் கொடுத்தால், சில வாரங்களில் நம்பிக் கையில் எடுக்கக்கூடிய நாலு பக்கம் திரும்பி வருமா?

தூதர்களோடு தேநீர், கதவடைத்த அறையில் ராஜதந்திரம் என்ற கற்பனையோடு வருபவர்கள் முதல் வாரமே சோர்ந்துவிடுவார்கள். காலையில் செய்தித் தொகுப்பு, பிறகு ஏதாவது ஒரு அட்டவணை, பத்தாண்டு நிகழ்வுகளின் காலவரிசை, மூத்த ஆய்வாளரின் கட்டுரைக்கு அடிக்குறிப்பு சரிபார்ப்பு, கருத்தரங்கில் குறிப்பெடுத்தல். இவற்றுக்கு நடுவே சொந்தப் பெயரில் ஒரு கட்டுரை. இதுதான் வேலை. பிடித்தவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

எங்கே கேட்பது

டெல்லியில்தான் இவை குவிந்திருக்கின்றன. மண்டி ஹவுஸ் மெட்ரோவுக்கு அருகே சப்ரு ஹவுஸில் இருக்கும் ஐ.சி.டபிள்யூ.ஏ. (இந்திய உலக விவகாரக் கவுன்சில்) 1943இல் தொடங்கப்பட்டது. 2001இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கப்பட்டது. குடியரசுத் துணைத் தலைவர்தான் அதன் தலைவர். ராவ் துலா ராம் மார்க்கில் உள்ள மனோகர் பாரிக்கர் ஐ.டி.எஸ்.ஏ. (பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்) 1965இல் உருவானது. பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதியில் இயங்குகிறது, பாதுகாப்பும் ராணுவமும் அதன் களம். லோதி சாலை ஹேபிடட் சென்டரில் இருக்கும் ஆர்.ஐ.எஸ். (வளரும் நாடுகளுக்கான ஆய்வு, தகவல் நிறுவனம்) வெளியுறவு அமைச்சகத்தோடு இணைந்த தன்னாட்சி நிறுவனம். வர்த்தகம், வளர்ச்சி உதவி, பொருளாதாரம் என்று போகும் மாணவர்களுக்கு ஏற்றது. ஓ.ஆர்.எஃப். (அப்சர்வர் ரிசர்ச் ஃபவுண்டேஷன்) 1990இல் ரிலையன்ஸ் ஆதரவோடு தொடங்கியது. 2016 முதல் வெளியுறவு அமைச்சகத்தோடு சேர்ந்து ரைசினா உரையாடல் என்ற சர்வதேச மாநாட்டை நடத்துவது இதுதான். கடல்சார் விஷயம் என்றால் 2005இல் தொடங்கிய நேஷனல் மேரிடைம் ஃபவுண்டேஷன் இருக்கிறது.

டெல்லி மட்டுமே உலகம் என்றும் நினைக்க வேண்டாம். மும்பையில் கேட்வே ஹவுஸ், பெங்களூரில் தக்ஷசிலாவும் ஐ.ஐ.எஸ்.சி. வளாகத்தில் உள்ள என்.ஐ.ஏ.எஸ். (தேசிய மேம்பட்ட ஆய்வுகள் நிறுவனம்) நிறுவனமும், சென்னையில் சீனாவை மட்டுமே எடுத்துக்கொண்டு 2008 முதல் இயங்கும் சென்னை சென்டர் ஃபார் சைனா ஸ்டடீஸ். கொழும்பில் இருப்பவர்களுக்கு லக்ஷ்மன் கதிர்காமர் நிறுவனமும் ஆர்.சி.எஸ்.எஸ். என்ற வட்டார வியூக ஆய்வு மையமும் உண்டு. எங்களைக் கேட்டால், முதல் இன்டர்ன்ஷிப்பைச் சின்ன இடத்தில் செய்வதே நல்லது. இருபது இன்டர்ன்கள் இருக்கும் இடத்தில் உங்கள் வரைவை யாராவது வரிவரியாகப் படிப்பார்களா என்பது சந்தேகம். நான்கு பேர் இருக்கும் அலுவலகத்தில் படித்தே தீர வேண்டும்.

நிறுவனத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். அமைச்சக நிதி, தொழில் குழுமம், வெளிநாட்டு அறக்கட்டளை, ஓய்வுபெற்ற அதிகாரிகளின் கூட்டுறவு என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். இதில் நல்லது கெட்டது என்று ஒன்றுமில்லை. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எதை எந்தச் சொல்லில் எழுதலாம் என்பதை அது ஓரளவு தீர்மானிக்கும். ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களைப் படித்தால் பாதி புரிந்துவிடும்.

நிறுவனத்தைவிட ஆளே முக்கியம்

இணையதளத்தில் ஆய்வாளர்கள் பட்டியலைத் திறந்து, கடந்த ஓராண்டில் அவர்கள் எழுதியவற்றின் தலைப்புகளை ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் விஷயத்துக்கு நெருக்கமாக எழுதும் மூன்று பேரை எடுத்து, ஒவ்வொருவரின் இரண்டு கட்டுரைகளையாவது அடிக்குறிப்போடு முழுதாகப் படியுங்கள். அவர்கள் எந்த இடத்தில் "இதற்குத் தரவு போதவில்லை" என்றோ, "இது தனி ஆய்வுக்குரியது" என்றோ எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்களுக்கான கேள்வி பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கிடக்கும்.

இன்னொன்று. அவர் இளம் ஆய்வாளர்களோடு சேர்ந்து கூட்டாக ஏதாவது வெளியிட்டிருக்கிறாரா? இருந்தால் நல்ல அடையாளம். ஊடகங்களில் தினமும் தோன்றும் பெரிய பெயர்களிடம் சேர்ந்தால் அவர் பயணத்தில் இருப்பார், உங்கள் வரைவு அவரது பெட்டியில் இருக்கும்.

கேள்வியைச் சுருக்குவது

புதியவர்கள் சறுக்கும் முதல் இடம் இது. "இந்தியா–இலங்கை உறவு: ஒரு பார்வை" என்று தலைப்பு வைத்தால் அது பாடப்புத்தகத்தின் அத்தியாயம், ஆய்வு இல்லை. "இந்தியா–இலங்கை உறவில் ஐ.நா. மனித உரிமை மன்றம்" என்பதும் இன்னும் பெரியதே. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இலங்கை குறித்த தீர்மானங்களை 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் ஆதரித்து வாக்களித்த இந்தியா, 2014இலும் 2021இலும் 2022இலும் யார் பக்கமும் வாக்களிக்காமல் ஒதுங்கியது. இந்த ஐந்து முறையும் வாக்குக்கு முன் இந்தியப் பிரதிநிதி தந்த விளக்கத்தில் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது சட்டத்திருத்தம், மாகாண சபை, சமத்துவம் ஆகிய சொற்கள் எப்படி மாறி வந்தன? ஐந்து ஆவணங்கள், ஒரு அட்டவணை, ஒரு கேள்வி. ஆறு வாரத்தில் முடியும்.

கேள்வி சரியான அளவுக்கு வந்துவிட்டதா என்று பார்க்க மூன்று சோதனைகள் போதும். பதில் சொல்லத் தேவையான ஆவணங்களை இன்றே பெயர் சொல்லிப் பட்டியலிட முடிகிறதா? தொடக்க ஆண்டும் முடிவு ஆண்டும் இருக்கிறதா? விடை "ஆம்" என்று வந்தாலும் "இல்லை" என்று வந்தாலும் எழுத ஏதாவது இருக்குமா? மூன்றாவதில் தோற்கும் கேள்விகள்தான் அதிகம். "சீனாவின் செல்வாக்கு இலங்கையில் வளர்கிறதா?" என்று கேட்பவர் விடையை முன்பே எழுதி வைத்துவிட்டுத்தான் தேடப் போகிறார்.

விண்ணப்பம்

சேர விரும்பும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே அனுப்புங்கள். சில நிறுவனங்கள் குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் அறிவிப்பு வெளியிடும், சில ஆண்டு முழுவதும் வாங்கும். மே, ஜூன் மாதங்களுக்குத்தான் போட்டி கடுமை. எல்லாக் கல்லூரியும் அப்போதுதான் விடுமுறை விடுகிறது. பருவ இடைவெளியில் டிசம்பரில் போக முடிந்தால் வாய்ப்பு கூடும். டெல்லியின் குளிரும் பனிமூட்டமும் கூடவே கிடைக்கும்.

இணைக்க வேண்டியவை நான்கு. ஒரு பக்கச் சுயவிவரம், 300 முதல் 400 சொற்களில் நோக்கக் கடிதம், எழுத்து மாதிரி, கல்லூரியின் ஒப்புதல் கடிதம். கடைசியானதைத் துறைத் தலைவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். முத்திரைக்காக இரண்டு வாரம் அலைய நேரிடுவது சாதாரணம்.

மின்னஞ்சல் பொதுவாக ஆங்கிலத்தில்தான் போகும். தலைப்பு வரியில் மாதமும் கால அளவும் விஷயமும் இருக்கட்டும்: "ஜனவரி–மார்ச் ஆய்வு இன்டர்ன்ஷிப், இலங்கைக் கடல்சார் கொள்கை" என்பது போல. உடலில் ஐந்து வாக்கியங்கள். யார், எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு. உங்களது இந்தக் கட்டுரையில் இந்தக் கருத்தைப் படித்தேன். அதிலிருந்து எழுந்த என் கேள்வி இது. இதற்கு இந்த ஆவணங்களைப் பார்க்க எண்ணியிருக்கிறேன். இந்தத் தேதியிலிருந்து இத்தனை வாரம் முழு நேரமாக வர முடியும். "ரெஸ்பெக்டட் சார்/மேடம்" என்று இரண்டையும் போட்டு, முகவரிப் பெட்டியில் பத்து நிறுவனங்களை அடுக்கி ஒரே மடலை அனுப்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெறுபவருக்கு அந்தப் பத்தும் தெரியும்.

பத்து நாள் பதில் இல்லையென்றால் அதே மடலின் தொடர்ச்சியாக இரண்டு வரி எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடலாம். இன்ஸ்டாகிராமில் துரத்த வேண்டாம்.

எழுத்து மாதிரிதான் இதில் எடை மிகுந்தது. 1,000 முதல் 1,500 சொற்கள், ஒரே வாதம், பத்து பதினைந்து அடிக்குறிப்புகள். பருவத் தேர்வுக்கு எழுதிய 40 பக்க ஒப்படைப்பை அப்படியே அனுப்பாதீர்கள். அதிலிருந்து ஒரு பகுதியை வெட்டி, முன்னுரை சேர்த்து, மீண்டும் எழுதுங்கள். படிப்பவர் முதலில் பார்ப்பது அடிக்குறிப்புகளைத்தான். அங்கே விக்கிப்பீடியாவும் பயிற்சி மையக் குறிப்புகளும் இருந்தால் கதை முடிந்தது. சாட்பாட் கொடுத்த நூற்பட்டியலைச் சரிபார்க்காமல் ஒட்டுவது அதைவிட மோசம். இல்லாத கட்டுரைக்கு இல்லாத பக்க எண் தந்தவரை எந்த ஆய்வாளரும் இரண்டாம் முறை நம்ப மாட்டார்.

மொழிகள் என்ற வரியில் "தமிழ்: தாய்மொழி" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் தங்கள் பெரிய சொத்தைக் கீழே போட்டுவிட்டுப் போகிறார்கள். டெல்லியில் இலங்கை பற்றி எழுதும் பலருக்கு வீரகேசரி, தினக்குரல், உதயன் ஆகியவற்றை நேரடியாகப் படிக்க முடியாது. "இலங்கைத் தமிழ் நாளிதழ்களைப் படித்து வாரச் சுருக்கம் தர முடியும்" என்று ஒரு வரி சேருங்கள். பிறகு முடியுமா என்று சோதித்தும் பாருங்கள். இலங்கைத் தமிழின் நிர்வாகச் சொற்கள் நமக்குப் பழகியவை அல்ல. நாம் "தீர்ப்பாயம்" என்போம், அவர்கள் "நியாயசபை" என்பார்கள். "பிரதேச சபை", "உத்தியோகத்தர்", "வர்த்தமானி அறிவித்தல்" எல்லாம் இரண்டு வாரம் படித்தால் பழகிவிடும்.

பணமும் அறையும்

பல இன்டர்ன்ஷிப்களுக்கு ஊதியம் கிடையாது, கொடுப்பவர்களும் வழிச்செலவு அளவுக்கே கொடுப்பார்கள். இதை நேர்காணலில் தயங்காமல் கேளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். டெல்லியில் பகிர்ந்த பிஜி அறை, சாப்பாடு, மெட்ரோ சேர்த்து மாதம் சுமார் 15,000 முதல் 20,000 ரூபாய் வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு மாத முன்பணம் தனி. முனிர்கா, பேர் சராய், கட்வாரியா சராய் பகுதிகளில் மாணவர்கள் அதிகம். மண்டி ஹவுஸ், ஐ.டி.ஓ. பக்கம் வேலை என்றால் லக்ஷ்மி நகரிலிருந்து வருவது எளிது. ஆர்.கே.புரம், முனிர்கா பக்கம் இட்லிக்கும் பஞ்சமில்லை. அறையைப் படத்தில் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். முதல் மூன்று நாளைக்குத் தெரிந்தவர் வீட்டில் தங்கி, நேரில் பார்த்து எடுங்கள். ஆதார் நகல், கல்லூரி அடையாள அட்டை நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் ஆகியவற்றில் ஐந்தைந்து பிரதி கையில் இருக்கட்டும். வீட்டுக்காரர் கேட்பார், அலுவலக வாயிலிலும் கேட்பார்கள்.

செலவு கட்டுப்படியாகாது என்றால் வீட்டிலிருந்தபடி செய்ய முடியுமா என்று கேட்கலாம். அதில் ஒரு இழப்பு உண்டு. மதிய உணவு மேசையில் காதில் விழும் "அந்த அறிக்கையை நம்பாதே, இதைப் பார்" என்ற பேச்சு கணினித் திரையில் வராது. ஈடாக வாரம் ஒருமுறை அரைமணி நேரத் தொலைபேசி உரையாடலை முதல் நாளே உறுதிசெய்துகொள்ளுங்கள். இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ இந்தியாவுக்கு வருபவர்கள் சுற்றுலா விசாவில் வந்து பணியில் அமரக் கூடாது. எந்த விசா என்பதை நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதல் வாரம்

வழிகாட்டும் ஆய்வாளரோடு உட்கார்ந்து ஒரே பக்கத்தில் எழுதிவிட வேண்டியவை: கேள்வி, எந்த வடிவம், எத்தனை சொற்கள், முதல் வரைவுத் தேதி, யார் திருத்துவார், வெளியானால் பெயர் எப்படி வரும். கடைசியைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு, மூன்று மாதம் கழித்து "உதவியவருக்கு நன்றி" என்ற அடிக்குறிப்பில் தன் பெயரைப் பார்த்து வருந்துபவர்கள் உண்டு. நிறுவனத்தின் நடைமுறை அப்படித்தான் என்றால் அது முதல் வாரமே தெரிந்திருப்பது நல்லது.

பன்னிரண்டு வாரம் இருந்தால் 2,500 முதல் 3,500 சொல் கொண்ட இஷ்யூ பிரீஃப் (ஒரே விவகாரம் பற்றிய சிறு ஆய்வறிக்கை) ஒன்று எழுதலாம். முதல் வாரம் கேள்வி; நான்காம் வாரம் வரை ஆவணமும் காலவரிசையும்; ஐந்தில் சட்டகம்; எட்டாம் வாரக் கடைசியில் முழு வரைவு; மீதி நான்கு வாரமும் திருத்தம். நான்கு வாரம்தான் கையில் இருக்கிறதென்றால் பிரீஃபை மறந்துவிட்டு 1,000 சொல்லில் ஒரு கருத்துரை எழுதுங்கள். ஆய்வாளர்கள் பயணம் போகும் காலம் தெரிந்திருக்கட்டும். பெரிய மாநாடு நடக்கும் வாரத்தில் உங்கள் வரைவை யாரும் தொட மாட்டார்கள்.

மூலங்கள்: எங்கே எடுப்பது, எங்கே வழுக்கும்

வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் கூட்டறிக்கைகள், வாராந்தரச் செய்தியாளர் சந்திப்பின் எழுத்து வடிவம், ஆண்டறிக்கை, நாடாளுமன்றக் கேள்வி–பதில், ஒப்பந்தங்களின் தரவுத்தளம் எல்லாம் இலவசம். புதியவர்கள் குறைவாகப் பயன்படுத்துவது கேள்வி–பதில்களை. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக் கேள்விகளும் வரும். நட்சத்திரமில்லாததற்கு எழுத்துமூலம் மட்டும். கைதான மீனவர் எண்ணிக்கை, பிடிபட்ட படகுகள் போன்றவை ஆண்டுவாரியாக இந்தப் பதில்களில் கிடைக்கும். வெளியுறவுக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் மானியக் கோரிக்கை அறிக்கையில் எந்த நாட்டுக்கு எவ்வளவு ஒதுக்கி எவ்வளவு செலவானது என்பது வரும். பழைய ஆவணம் வேண்டுமென்றால் ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகம், தீன்மூர்த்தியில் பிரதமர்கள் அருங்காட்சியக நூலகம்; ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம்.

இனி வழுக்கும் இடங்கள்.

மூலத்தைப் படிக்காமல் செய்தியை நம்புவது முதலாவது. கச்சத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 1974 உடன்படிக்கையிலேயே தமிழக மீனவர்களின் மீன்பிடி உரிமை பெயர் சொல்லி நீக்கப்பட்டது என்று எழுதும் கட்டுரைகள் ஏராளம். அந்த ஆண்டின் உடன்படிக்கையில் ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்கிறது. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடற்பரப்பில் மீன்பிடிக்கக் கூடாது என்ற வாசகம் வருவது 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்களில். இரண்டு ஆண்டுக்கும் நடுவே நடந்தது என்ன என்பதே தனிக் கட்டுரைக்குரியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் அந்தக் கட்டுரை பிறக்கவே பிறக்காது. தேடும்போது இன்னொரு சிக்கல்: கச்சத்தீவு என்ற பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். உடன்படிக்கையின் எழுத்துக்கூட்டல் ஒன்று, நாளிதழ்களின் எழுத்துக்கூட்டல் வேறு. எல்லாவற்றையும் போட்டுத் தேடாவிட்டால் பாதி ஆவணம் கண்ணில் படாது.

சொல் மாற்றத்தில் பொருள் மாறுவது இரண்டாவது. மனித உரிமை மன்றத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியதை நம் நாளிதழ்கள் "வாக்கெடுப்பைப் புறக்கணித்தது" என்று எழுதின. அவையில் இருந்து "யார் பக்கமும் இல்லை" என்று பதிவு செய்வதும், வாக்கெடுப்பிலேயே கலந்துகொள்ளாமல் இருப்பதும் ஐ.நா. பதிவேட்டில் வெவ்வேறு. 2021 மார்ச் தீர்மானத்துக்கு ஆதரவு 22, எதிர்ப்பு 11, ஒதுங்கியவை 14 நாடுகள்; அந்த 14இல் இந்தியாவும் ஒன்று. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சுருக்கம் தரும்போது "புறக்கணிப்பு" என்பதை அப்படியே பெயர்த்தால், வெளிநடப்புச் செய்ததாக ஆகிவிடும்.

மூன்றாவது, தொகையின் தன்மை. 2022 நெருக்கடியில் இந்தியா இலங்கைக்கு ஏறத்தாழ 400 கோடி டாலர் உதவியது என்பது சரி. ஆனால் அது நன்கொடையல்ல. எரிபொருளுக்கு 50 கோடி டாலர் கடன் வசதி, உணவுக்கும் மருந்துக்கும் 100 கோடி டாலர் கடன் வசதி, 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்றம், ஆசிய தீர்வு ஒன்றியத்தின் (மத்திய வங்கிகள் தங்களுக்குள் வர்த்தகக் கணக்கைத் தீர்க்கும் ஏற்பாடு) கீழ் செலுத்த வேண்டிய தொகைக்குத் தவணை நீட்டிப்பு என்று கலவையான கணக்கு அது. அறிவித்த தொகையும் எடுத்துப் பயன்படுத்திய தொகையும் வேறு என்பதையும் கவனியுங்கள். அதேபோல அம்பாந்தோட்டை. 2017இல் இலங்கை அந்தத் துறைமுகத்தைச் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டு குத்தகைக்கு விட்டு 112 கோடி டாலர் வந்தது; அதற்குப் பதிலாகச் சீனக் கடன் தள்ளுபடியானது என்று எழுதிவிடுகிறார்கள். கடன் அப்படியே நின்றது. வந்த டாலர் அந்நியச் செலாவணிக் கையிருப்பைத் தாங்கப் பயன்பட்டது. "கடன் பொறி" என்ற சொல்லை எழுதும் முன் இந்தக் கணக்கைச் சரிபார்க்காத வரைவு, மேசைக்கு வந்த அன்றே திரும்பிப் போகும்.

வர்த்தக எண்களிலும் இதே கதைதான். இந்திய அரசு ஏப்ரல்–மார்ச் நிதியாண்டில் சொல்லும், இலங்கை மத்திய வங்கி ஜனவரி–டிசம்பரில் சொல்லும். ஏற்றுமதியைச் சரக்கு கப்பலேறும் விலையிலும் இறக்குமதியைக் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்த விலையிலும் கணக்கிடுவது வழக்கம். அதனால் ஒரே சரக்கு இரண்டு நாட்டுப் பதிவிலும் இரண்டு தொகையாக இருக்கும். ஒரு அட்டவணைக்கு ஒரே மூலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருள்வாரியாகப் பிரிக்க எச்.எஸ். குறியீடு (சரக்குகளை வகைப்படுத்தும் சர்வதேச எண்) உதவும்: 03 மீன், 0902 தேயிலை, 27 எரிபொருள். ஆயுத விற்பனைக்கு சிப்ரி (ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம்) தரவை எடுப்பவர்கள், அதில் வரும் எண் ஆயுதத்தின் ராணுவத் திறனை அளக்கும் அலகு என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதைக் கொடுத்த பணம் என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

நாளிதழ்களை மூலமாக எடுக்கும்போது இரு கரையையும் படியுங்கள். சென்னைப் பதிப்பில் "நடுக்கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்த தமிழக மீனவர்கள் சிறைபிடிப்பு" என்று வருவதே யாழ்ப்பாணப் பதிப்பில் "எல்லை தாண்டி மீன்பிடியில் ஈடுபட்ட இந்திய மீனவர்கள் கைது" என்று வரும். இரண்டிலும் தேதி, படகு எண்ணிக்கை, எந்த நீதிமன்றம் என்பவற்றை மட்டும் எடுத்து அட்டவணையில் போடுங்கள். இந்த வேலையை டெல்லி அலுவலகத்தில் உங்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாமல் இருக்கலாம்.

எல்லாச் சுட்டியையும் எடுத்த அன்றே வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் சேமியுங்கள். அரசுத் தளங்கள் வடிவம் மாறும்போது பழைய முகவரிகள் செத்துப்போகும். அடிக்குறிப்புகளைத் தொகுக்கும் சோட்டீரோ மென்பொருள் இலவசம், முதல் நாளே நிறுவிவிடுங்கள். ஐம்பது அடிக்குறிப்பைக் கையால் சிகாகோ முறைக்கு (மூலங்களைக் குறிப்பிடும் ஒரு வடிவம்) மாற்றுவது இரண்டு நாள் வேலை.

எழுதும்போது

கல்லூரிக் கட்டுரையில் முடிவு கடைசியில் வரும். இங்கே முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். இதைப் படிக்கும் அதிகாரி காரில் போய்க்கொண்டிருக்கலாம். என்ன மாறியது, ஏன் முக்கியம், என்ன செய்யலாம் என்பவை முதல் 150 சொற்களுக்குள். வரலாற்றுப் பின்னணிக்கு ஆறில் ஒரு பங்குக்கு மேல் இடம் தராதீர்கள். அசோகர் காலத்திலிருந்து தொடங்கும் இலங்கைக் கட்டுரைகளைப் படித்துப் படித்து ஆய்வாளர்களுக்கு அலுத்துவிட்டது.

பரிந்துரைப் பகுதியில்தான் பெரும்பாலான வரைவுகள் விழும். "இரு நாடுகளும் பேச்சுவார்த்தையைத் தீவிரப்படுத்த வேண்டும்" என்று எழுத ஆராய்ச்சியே தேவையில்லை. யார், எந்த அதிகாரத்தில், எப்போது செய்ய வேண்டும் என்று இருக்கட்டும். 2016இல் அமைத்த மீன்வளக் கூட்டுப் பணிக்குழு எத்தனை முறை கூடியது, இரண்டு கூட்டத்துக்கு நடுவே எத்தனை மாத இடைவெளி, அதில் மாநில அரசுப் பிரதிநிதி இருந்தாரா என்று எண்ணிப் பார்த்து, அந்த இடைவெளி பற்றி ஒரே பரிந்துரை சொல்லுங்கள். ஒன்று போதும்.

வரைபடம் சேர்ப்பதாக இருந்தால் இணையத்தில் கிடைப்பதை எடுத்து ஒட்டாதீர்கள். அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடத்துக்கு மாறாக இந்திய எல்லையைக் காட்டி வரைபடம் வெளியிடுவது சட்டப்படி குற்றம். வெளிநாட்டுத் தளங்களின் படங்களில் காஷ்மீரும் அருணாசலமும் பெரும்பாலும் புள்ளிக்கோட்டில் இருக்கும். வடிவமைப்பாளர் கவனிக்காமல் விட்டால் அச்சான பிரதிகளைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும்.

கூட்டங்களில்

வட்டமேசைக் கூட்டம் தொடங்கும்போது "சாத்தம் ஹவுஸ் விதி" என்று தலைவர் சொல்வார். 1927இல் லண்டனில் பிறந்த ஏற்பாடு அது. கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம். சொன்னவர் யார், எந்த நிறுவனம், யாரெல்லாம் வந்திருந்தார்கள் என்பதை வெளியில் சொல்லக் கூடாது. இன்டர்ன்கள் இதை மீறுவது கெட்ட எண்ணத்தில் இல்லை, வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில்தான். மேசையில் பெயர்ப்பலகை தெரிய எடுத்த ஒரு படம் போதும். குறிப்பெடுக்கும்போது பெயருக்குப் பதில் "முன்னாள் தூதர் 1", "கடற்படை அதிகாரி 2" என்று எழுதிப் பழகுங்கள். கூட்டம் முடிந்த மாலையே 600 சொல்லில் அறிக்கையை எழுதிவிடுங்கள். மறுநாள் உங்கள் கிறுக்கல் உங்களுக்கே புரியாது.

கேள்வி நேரத்தில் கை தூக்கினால் பெயர், நிறுவனம், ஒரு கேள்வி, முப்பது விநாடி. முன்னுரையாக இரண்டு நிமிடம் பேசுபவரை யாரும் மறப்பதில்லை, நல்ல விதத்தில் அல்ல.

கிளம்பும் முன்

சான்றிதழில் தொடக்க, முடிவுத் தேதிகள், மொத்த மணி நேரம், செய்த வேலையின் தலைப்பு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி மதிப்பெண் கணக்குக்கு மணி நேரம் கேட்கும், பல நிறுவனச் சான்றிதழ்களில் அது இருக்காது. பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் கடைசி வாரமே கேளுங்கள், கூடவே நீங்கள் செய்தவற்றை ஐந்து வரியில் எழுதிக் கொடுங்கள். கட்டுரை அப்போதும் திருத்தத்தில் இருந்தால், யார் பொறுப்பு, எந்த மின்னஞ்சலுக்குத் தொடர்பு கொள்வார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். வெளியாகாத வரைவை அனுமதியில்லாமல் வேறு இடத்தில் போடக் கூடாது.

தரவு அட்டவணை, சேமித்த ஆவணங்கள், சோட்டீரோ தொகுப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில், ஆண்டு–மாதம்–நாள் என்று தொடங்கும் கோப்புப் பெயர்களோடு வையுங்கள். எந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கக் குறிப்பும் அதில் இருக்கட்டும். கோப்புறையின் உரிமையை நிறுவனக் கணக்குக்கு மாற்றிவிட்டு, உங்களுக்கென ஒரு பிரதியைச் சொந்த மின்னஞ்சலில் வைக்கலாமா என்று கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி மின்னஞ்சலில் மட்டும் வைத்திருந்தால், படிப்பு முடிந்து கணக்கை மூடும் நாளில் அந்த ஐம்பது அடிக்குறிப்பும் சேர்ந்தே போய்விடும்.